வெயிலுக்கு எல்.சி.

1. முதல் நாள்

திருச்செங்கோட்டுப் பக்கம் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில், மின்பணியாளர் பிரிவுக்கு இருபத்தாறு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு எலக்ட்ரீஷியன்களாகப் போனார்கள். சிலர் குமாரபாளையம் தறிக்கூடங்களில் மோட்டார் பழுது பார்க்கிறார்கள். சோலார் பாடத்தை எடுக்கும்படி உத்தரவு வந்தபோது நான் ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன. புதிய பாடம் என்பதால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். இரண்டு மாதம் புத்தகங்களோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். எனக்குப் பாடம் தெரியும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் வகுப்பறைக்குள் போனேன். அந்த நம்பிக்கை என்னவாயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலைக் கற்பிக்க வரும் இளைய ஆசிரியர்களுக்கு அது பயன்படலாம்.

முதல் அணியில் பதினெட்டுப் பேர். எல்லோரும் காவிரி ஓரத்து அனல்மின் நிலையம் ஒன்றின் நிலக்கரி யார்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தவர்கள். கரி வரத்து குறையக் குறைய ஒப்பந்தக்காரர்களுக்கு ஆள் தேவையும் குறைந்தது. வேலை இழந்தவர்களுக்குச் சோலார் வேலை கற்றுக்கொடுத்தால், தேறியவர்களைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சேலத்து நிறுவனம் ஒன்று முன்வந்தது. பத்து வாரப் பயிற்சி. முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. கடுமையான நிபந்தனை ஒன்றுதான்: பயிற்சிக் காலத்தில் யார் கையாலாவது பாதுகாப்புத் தவறு நேர்ந்தால் அவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

முதல் நாள் ஒரு பேனலைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன். பதினெட்டுப் பேரும் எழுந்து வெளியே போனார்கள். கோபித்துக்கொண்டார்களோ என்று எட்டிப் பார்த்தால், குழாயடியில் வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கரியிலேயே புழங்கியவர்களுக்குச் சுத்தமான பொருளைத் தொடுவதற்கு முன் கை கழுவுவது இயல்பாகிவிட்டிருந்தது. எத்தனையோ அணிகளைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. அந்த நிமிடமே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பாவாயி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை வாரிப் போடும் வேலையில் இருந்தவர், நாற்பது வயதிருக்கும். அவருடைய வாய்க்கு அந்த வகுப்பில் தப்பியவர் இல்லை. இன்னொருவர் மாரப்பன், நாற்பத்தெட்டு வயது. யார்டில் பழைய கேபிள்களைக் கழற்றிப் புதியது போடும் குழுவில் பத்தொன்பது ஆண்டுகள் ஹெல்பராக இருந்தவர். எதையும் இரண்டு முறை கேட்பார். ஒரே முறை செய்வார்.

பலகையில் படம் வரைந்து, பேனல், ஒயர், இன்வெர்ட்டர் என்று விளக்கி முடித்ததும் மாரப்பன் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகமுங்க. இதுல வேலை செய்யோணும்னா எல்.சி. யாருகிட்டங்க வாங்கறது?"

எல்.சி. என்பது லைன் கிளியர். 'இந்த லைனில் இப்போது மின்சாரம் இல்லை, நீ கை வைக்கலாம்' என்று பொறுப்பாளர் எழுதித் தரும் அனுமதி. மின்துறையில் அதை வாங்காமல் யாரும் கம்பியைத் தொடுவதில்லை. அதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. யார் பெயரில் எல்.சி. எடுக்கப்பட்டதோ, வேலை முடிந்ததும் அவரேதான் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை வேறு எவரும் சுவிட்சைப் போடக்கூடாது; மேலதிகாரியே வந்து நின்றாலும் சரி.

மாரப்பனின் கேள்வியைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து பாவாயி குரல் கொடுத்தார்.

"ஏனுங்ணா, நேரா சூரியங்கிட்டயே போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"இங்க எல்.சி. எல்லாம் கிடையாதுங்க மாரப்பன். சின்ன சிஸ்டம்தானே. நீங்களே சுவிட்சை ஆஃப் பண்ணி, உங்க பேரு எழுதின அட்டையை மாட்டிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்."

"அப்ப எனக்கு நானே எல்.சி. குடுத்துக்கலாமுங்களா?"

"ஆமாங்க."

அவர் உட்கார்ந்து, நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

2. கட்டர்

நான்காவது வாரம் நடந்தது இது. அதற்குள் மாரப்பனின் நிலைமை எனக்குத் தெரிந்திருந்தது. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. காலையில் சமைத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பாத்திரமும் எங்கே இருக்கிறது என்று மனைவியின் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்கமாட்டார். ரிக் லாரிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் ரிக்கில் ஏறினால் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்க வேண்டும். தினமும் வீடு திரும்பும்படியான ஒரு வேலைதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவர் வயதில் அப்படி ஒரு வேலைக்கு எங்கள் பட்டியலைத் தவிர வேறு வழி தென்படவில்லை.

எங்கள் நிலையத்தின் மொட்டை மாடியில் பயிற்சிக்கென்று ஒரு வரிசை பேனல்கள் இருந்தன. அங்கே ஓடும் ஒயர் ஜோடி தேவைக்கு மேல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்துப் புது கனெக்டர் போடும்படி மாரப்பனிடம் சொன்னேன். உச்சி வெயில். அவர் கீழே இறங்கி இன்வெர்ட்டரை நிறுத்தினார். பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ள டி.சி. சுவிட்சையும் திறந்தார். 'மாரப்பன் வேலையில்' என்று எழுதிய அட்டையைக் கயிறு போட்டு மாட்டினார். இன்வெர்ட்டர் முனையில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். யார்டில் கற்ற ஒழுங்கு மாறாமல் எல்லாவற்றையும் செய்துவிட்டு மேலே வந்து, கையுறையும் முகக்கவசமும் மாட்டி, சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்துப் பிடித்து, கட்டரால் ஒரே வெட்டு வெட்டினார்.

வெடித்தாற்போல ஒரு சத்தம். கண்ணைக் கூசவைத்த நீல வெளிச்சம். கட்டர் கையிலிருந்து தெறித்து விழுந்தது. அதன் இரு அலகுகளிலும் மிளகளவு இரும்பு உருகிப்போயிருந்தது.

மின்சாரம் அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சுவிட்சைத் திறந்தால், சுவிட்சிலிருந்து இன்வெர்ட்டர் வரைக்கும்தான் மின்சாரம் நிற்கும். பேனலிலிருந்து சுவிட்ச் வரைக்கும் உள்ள ஒயரில், வெயில் அடிக்கும் வரை அது இருந்துகொண்டே இருக்கும். இரண்டு ஒயரையும் ஒரே இரும்பால் சேர்த்து வெட்டுவது, அந்த இரண்டையும் நேரடியாக இணைப்பதற்குச் சமம். யார்டில் எல்.சி. எடுத்த கேபிள் உயிரற்றது. அதை மொத்தமாகச் சேர்த்து வெட்டுவதுதான் அங்கே வழக்கம். புதிதாக வேலைக்கு வந்த எவரும் பயந்து பயந்து ஒவ்வொரு ஒயராகத்தான் தொட்டிருப்பார்கள். முறையாக வேலை செய்து பழகிய ஒருவரால்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும்.

கையுறையும் முகக்கவசமும் அவரைக் காப்பாற்றின. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது.

"டீச்சரம்மா, ஆஃப் பண்ணீட்டுத்தானுங்க வந்தேன். அட்டை மாட்டியிருக்குதுங்க. வேணும்னா வந்து பாருங்க. அட்டை அங்கயேதானுங்க தொங்குது."

அவரை நிழலுக்கு அழைத்து வந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வெயில் பட்டால் பேனலில் மின்சாரம் வரும் என்று நான் சொல்லாமல் இருக்கவில்லை. சொன்னேன், படமும் வரைந்தேன். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தின் முன்னால் அது ஒரு வாக்கியமாக மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பழக்கமே முதல் நாள் எழுந்து நின்று என்னிடம் கேட்டது: எல்.சி. யாரிடம் வாங்குவது? இந்த மின்சாரத்தை யார் நிறுத்தித் தருவார்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். யாராலும் நிறுத்த முடியாது என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். விவரம் அறியாதவர் கேட்கும் கேள்வி என்று எண்ணிச் சிரித்தேன். பத்தொன்பது ஆண்டுகள் ஒவ்வொரு மாலையும் முழு உடம்போடு வீடு திரும்பியவரின் கேள்வி அது.

விபத்துப் பதிவேட்டில், காரணம் என்ற இடத்தில், 'ஆசிரியை அளித்த தவறான விளக்கம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

3. தார்ப்பாய்

மறுநாள் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகத்திலிருந்து நிறுவனத்தின் மேனேஜர் தினேஷ் வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர், மரியாதை தெரிந்தவர். பதிவேட்டை இரண்டு முறை படித்தார்.

"மேடம், நீங்க நல்ல மனசுல எழுதியிருக்கீங்க. புரியுது. ஆனா கட்டர் இருந்தது அவர் கையில."

"பேச்சு என் வாயில இருந்து வந்தது, தினேஷ்."

"எனக்கு மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? வயசானவங்களுக்குப் பழக்கம் மாறாது, எடுக்க வேண்டாம்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன்."

"பழக்கம் மாற வேண்டாம். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். அதுக்கு ஏத்த மாதிரி நாமதான் ஒரு வழி சொல்லித் தரணும்."

நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் அவர் ஒரு வாய்ப்புக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். பயிற்சி முடியும் வாரத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் இடத்தில், தன் கண்ணெதிரே ஒரு பழுது வேலையை மாரப்பன் செய்து காட்ட வேண்டும். அதில் குறை இல்லையென்றால் யோசிப்பதாகச் சொன்னார். யோசிப்பதாக மட்டும்தான் சொன்னார்.

மாரப்பன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. ரிக்கில் ஏறிவிட்டார் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார். கரி லாரிகளுக்கு மேலே போர்த்தும் கறுப்புத் தார்ப்பாய். கழுவி, வெயிலில் உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஊட்ல சும்மா கெடந்துச்சுங்க டீச்சரம்மா. லாரி போறப்ப ஒரு துளி கரி வெளிய சிந்தாம கட்டுவோமுங்க. கரி வெளிய போகலீன்னா, உள்ள வர்ற வெயிலும் நிக்கோணுமில்லீங்களா? ஒருக்கா போத்திப் பாக்கலாமுங்க."

மாடிக்குப் போனோம். பேனல் வரிசையை முழுதும் போர்த்தி, லாரிக்காரர்களின் முடிச்சுப் போட்டு நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினார். நான் மீட்டரைப் பிடித்திருந்தேன். அறுநூறு வோல்ட்டைத் தாண்டி நின்ற எண் கீழே சரிந்தது. முழுதாகச் சுழியத்துக்கு வரவில்லை. ஒரு மூலையில் வெளிச்சம் நுழைந்துகொண்டிருந்தது. அவர் அந்த மூலையை மடித்து இரண்டாம் மடிப்பு போட்டார். எண் இன்னும் இறங்கியது.

கீழேயிருந்து பாவாயி அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, சூரியனுக்கே போர்வை போத்தி உட்டுட்டீங்களே!"

"நான் போத்தலீன்னா அது என்னையப் போத்தியிருக்கும், அம்மிணி."

நான்கு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

தார்ப்பாய் மட்டுமே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுவிட்சைத் திறப்பது, போர்த்துவது, மீட்டர் வைத்துப் பார்ப்பது, கையுறையோடு ஒரு நேரத்தில் ஒரே ஒயரைத் தொடுவது என்று வரிசையாக எழுதி மாடிப்படிக் கதவில் ஒட்டினேன். அதன் கீழே சேர்க்கும்படி மாரப்பன் ஒன்றைச் சொன்னார். எல்.சி. புக் ஒன்று வேண்டும். தார்ப்பாயைக் கட்டியவர் பெயர், அவிழ்த்தவர் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றில் கோடு போட்டு அதை ஆரம்பித்தோம். மீதி ஆறு வாரமும் அந்த வகுப்பில் ஒருவர்கூட அதை மீறவில்லை. மேற்பார்வைக்குப் போன நானே ஒரு நாள் மறந்துபோய் ஒரு முடிச்சில் கை வைத்தேன். "டீச்சரம்மா, அது உங்க பேருல இல்லீங்க" என்று பாவாயி என் கையைத் தட்டிவிட்டார்.

4. கோழிகளுக்குத் தண்ணீர்

தேர்வுக்கான வேலை நாமக்கல்லுக்கு அப்பால் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அமைந்தது. பண்ணைக்காரர் பெயர் செல்லமுத்து. தண்ணீர் இறைக்கும் போர் மோட்டாரை அவர் முழுக்க முழுக்கச் சோலாரிலேயே ஓட்டினார். தீவனக் கிடங்கின் கூரை மேல் பேனல்கள். முந்தின நாள் அதில் ஒரு ஒயரை எலி கடித்துவிட்டது, மோட்டார் நின்றுபோனது. கோழிப் பண்ணையில் தீவனம் இருக்கும் இடத்தில் எலிக்கு என்ன பஞ்சம்? சித்திரை வெயிலில் கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மேல்தொட்டியில் கொஞ்சம்தான் தண்ணீர் மிச்சம்.

நான், தினேஷ், மாரப்பன், உதவிக்குப் பாவாயி என நான்கு பேர் போனோம். போர்த்தும் வேலையைப் பாவாயி செய்தார். புக்கில் அவர் பெயர் எழுதப்பட்டது. பிறகு அவர் கீழே ஒயர்க் குழாயைப் பார்க்க இறங்கினார். மாரப்பன் எலி கடித்த ஒயரை எடுத்துவிட்டுப் புதியது இழுத்து, கனெக்டர் போட்டார். ஒவ்வொரு அடியிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார். தினேஷ் கையில் இருந்த தாளில் வரிசையாகக் குறி போட்டுக்கொண்டே வந்தார். ஒயர் நுழையும் குழாயின் வாயை எலி வராதபடி கம்பி வலை வைத்து அடைக்க வேண்டும் என்று பாவாயி சொன்னார். வலை இல்லை. அதை வாங்க, பண்ணை ஆள் ஒருவரின் மொபெட்டில் ஏறி நாமக்கல்லுக்குப் போனார்.

அவர் போன சிறிது நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. செல்லமுத்து கீழே நின்று கத்தினார்.

"முடிஞ்சுதுங்களா? தொட்டி அடியத் தொட்டுருச்சுங்க. மோட்டாரப் போடுங்க!"

தினேஷ் தாளை மடித்துக்கொண்டு, "பிரமாதம் மாரப்பன். தார்ப்பாயை எடுங்க. ஓட்டிக் காட்டிடலாம்" என்றார்.

மாரப்பன் புக்கைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"பாவாயி வரோணுங்க சார்."

"எதுக்கு?"

"எல்.சி. அவங்க பேருல இருக்குதுங்க. அவங்க வந்துதான் அவுக்கோணும்."

பாவாயிக்குப் போன் செய்தேன். ஏணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையிலிருந்து மணி அடித்தது. போனை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"மாரப்பன், வேலையைச் செஞ்சது நீங்க. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு. நான் சொல்றேன், எடுங்க."

"நீங்க பாத்தது நாஞ் செஞ்சதுங்க சார். அந்தம்மிணி கீழ எதுல கை வெச்சாங்க, எத அரைகொறையா உட்டுட்டுப் போனாங்கன்னு நீங்களும் பாக்கல, நானும் பாக்கல."

"கோழி செத்தா யார் பதில் சொல்றது? இதுவும் தேர்வுதான், தெரியுமில்ல?" தினேஷின் குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியுமுங்க சார்."

தினேஷ் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லியிருந்தால் அவர் அவிழ்த்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் நான் சொன்ன ஒரு வார்த்தையை நோட்டில் எழுதி நம்பியவர் அவர். இணைப்பு சரியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கீழே கோழிகளின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய வேலை, அவர் மாலையில் வீடு திரும்புவது, எல்லாம் அந்தக் கூரை மேல் என் வாயைப் பார்த்து நின்றன. "புக்குல யார் பேர் இருக்கோ அவங்கதான் அவுக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

மாரப்பன் மடமடவென்று ஏணியில் இறங்கினார். செல்லமுத்துவிடம் போய் நின்றார்.

"ஏனுங்க, பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுக்கென்ன இப்ப?"

"கொடம் இருந்தாக் குடுங்க. தண்ணி வேணும்னாத் தூக்கறேனுங்க. தார்ப்பாய மட்டும் அவுக்க மாட்டேன்."

செல்லமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். குடம், வாளி, பெயிண்ட் டப்பா என்று கிடைத்ததெல்லாம் வந்தன. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொட்டகை வரை எல்லோரும் வரிசையாக நின்றோம். தண்ணீர் கை மாறி வந்தது. ஐந்து நிமிடம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற தினேஷ், போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துக்கொண்டு எனக்கும் மாரப்பனுக்கும் இடையில் வந்து நின்றார். ஏறத்தாழ நாற்பது நிமிடம் தூக்கியிருப்போம்.

மொபெட் வந்தது. கம்பி வலையோடு இறங்கிய பாவாயி வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்ணா, மேனேஜர் சாருக்கே வேலை குடுத்துட்டீங்களா! சார், வாளிய ரெண்டு கையில புடிங்க. பேண்டெல்லாம் நனையுது பாருங்க."

"ஏறும்மா, ஏறி அதை அவிழ்த்து விடும்மா முதல்ல" என்றார் தினேஷ்.

பாவாயி குழாயின் வாயை வலையால் அடைத்துவிட்டு, தான் தொட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏறினார், அவிழ்த்தார், புக்கில் பெயர் எழுதினார். மாரப்பன் சுவிட்சைப் போட்டார். குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் கொட்டியது. ஒரு கோழியும் சாகவில்லை.

"பாவாயி, நீங்க போறப்ப ஏதாச்சும் அரைகுறையா விட்டுட்டுப் போனீங்களா?" தினேஷ் கேட்டார்.

"இல்லீங்களே. எல்லாம் செரியாத்தான் இருந்துச்சுங்க. ஏன் சார்?"

தினேஷ் நனைந்த காலுறையைப் பிழிந்தார்.

5. ஏணி

திரும்பும் வழியில் வண்டிக்குள் தினேஷ் மெதுவாகக் கேட்டார்.

"எதுவுமே தப்பா இல்லையே மேடம். சும்மாதானே நாற்பது நிமிஷம் தண்ணி தூக்கினோம்?"

"ஆமாம். சும்மாதான்."

ஒன்றும் நடக்காத நாளைப் பற்றி யாரும் அறிக்கை எழுதுவதில்லை. அப்படிப்பட்ட நாட்களை அடுக்கித்தான் ஒருவர் தன் பணிக்காலத்தை முடிக்கிறார் என்பதை அவர் தானாகவே உணரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாரப்பனுக்காக நான் ஒரு நீண்ட கடிதம் தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. மறுநாள் காலையில் செல்லமுத்து அலுவலகத்துக்குப் போன் செய்து பேசியதை தினேஷே எனக்கு நடித்துக் காட்டினார்.

"அந்த ஆளு என்ற பேச்சையும் கேக்கல, உங்க பேச்சையும் கேக்கல. ஆனாக் கொடத்த மொதல்ல தூக்குனது அவருதான். இனி மாசாமாசம் அவரே வரோணுமுங்க. வேற ஆளு வந்தா நான் ஏணி குடுக்க மாட்டேன், ஆமா!"

வாடிக்கையாளரே கேட்டுவிட்ட பிறகு, மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்வது தினேஷுக்கு எளிதாகிவிட்டது. பதினெட்டுப் பேரில் பதினாறு பேருக்கு வேலை கிடைத்தது. பாவாயி ஒரு குழுவுக்குத் தலைமையேற்றார். மாரப்பனை முதலில் ஆறு மாதத்துக்கு மட்டும் எடுத்தார்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பராமரிப்பு வேலை. ஆறு மாதம் கழித்து அந்தக் காலவரையறையை யாரும் நினைவுபடுத்தவில்லை.

இந்த அனுபவத்தால் நான் மாற்றிக்கொண்டது என் முதல் வகுப்பை. இப்போது முதல் ஒரு மணி நேரம் நான் எதையும் கற்பிப்பதில்லை. பழைய வேலையில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்கள் வார்த்தையிலேயே பலகையில் எழுதுகிறேன். சாம்பல் லாரியில் இருந்தவர்கள் ஒன்று சொல்வார்கள். கொதிகலன் பக்கம் இருந்தவர்கள் வேறொன்று சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் புதிய தொழிலில் என்ன பதில் என்று சேர்ந்து தேடுகிறோம். பதில் எனக்குத் தெரியாத வரிகளும் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்கு வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அவர்கள் கொண்டுவருவதை வாங்கி வைக்காமல் நாம் கொடுக்கத் தொடங்கினால், யாராவது ஒருவர் கையில் கட்டர் வெடிக்கும்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் மாரப்பன் போன் செய்தார்.

"டீச்சரம்மா, இன்னிக்கு எல்.சி. புக்குல மேனேஜர் சாரு பேரு ஏறிருச்சுங்க."

"அவர் பேர் எதுக்குங்க?"

"போட்டோ எடுக்கோணும்னு மேல ஏறுனாருங்க. 'சார், ஏறுறது யாரா இருந்தாலும் பேரு எழுதோணும்'னேன். எழுதிட்டாருங்க. எறங்குனவுடனே வண்டியில ஏறப் போனாரு. 'சார், எறங்குனதுக்குக் கையெழுத்து?'ன்னேன்."

"போட்டாரா?"

"வண்டிய உட்டு எறங்கி வந்து போட்டாருங்க. போட்டுப்போட்டு என்ன கேட்டாரு தெரியுங்களா? 'மாரப்பன், இந்த புக்கு எங்க கெடைக்கும், மத்த சைட்டுக்கெல்லாம் வேணும்'கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடையில கெடைக்காதுங்க சார், நாமளேதான் கோடு போட்டுக்கோணும்னு சொன்னேனுங்க."